யானைப் புத்தகமே போதும் என்கிறாளா?

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது, மகனுக்குப் பத்து மாதம். மகளின் பிறந்தநாளுக்கு என் அண்ணன் பன்னிரண்டு ஆக்டிவிட்டி புத்தகங்கள் கொண்ட ஒரு செட் வாங்கித் தந்தார். எழுத்து எழுதிப் பழகுவது, எண்கள், புள்ளி இணைப்பது, வண்ணம் தீட்டுவது, ஸ்டிக்கர் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அவள் ஒரு பக்கத்தைக்கூட ஒழுங்காக முடிப்பதில்லை. கோட்டைத் தாண்டிக் கிறுக்குகிறாள். கதைப் புத்தகம் எது எடுத்தாலும் வேண்டாம் என்கிறாள். ஒரே யானைக் கதையை இரண்டு மாதமாகத் தினமும் படிக்கச் சொல்கிறாள். சின்னவன் கையில் கிடைக்கும் புத்தகத்தையெல்லாம் கடிக்கிறான். கணவர், "இங்கிலீஷ் புத்தகமா வாங்கு" என்கிறார். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் ஊர்ப் புத்தகத் திருவிழாவில் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கலாம் என்றிருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: முதல் வேலையாக அந்த செட்டில் பத்துப் புத்தகங்களைக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுங்கள். வண்ணம் தீட்டுவதும் ஸ்டிக்கரும் மட்டும் கீழே இருக்கட்டும். அண்ணனிடம் சொல்ல வேண்டியதில்லை. ஏன் என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால் யானை.

இரண்டு மாதமாக ஒரே கதையைப் படித்துப் படித்து உங்களுக்கு அலுத்திருக்கும், புரிகிறது. ஆனால் உங்கள் மகள் அதை உங்களைப் போலக் கேட்கவில்லை. இன்று ராத்திரி வேண்டுமென்றே ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்துப் பாருங்கள். "அம்மா, தப்பு!" என்று பிடித்துவிடுவாள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதும், அது சொன்னபடியே வருவதும்தான் அவளுக்குப் பிடித்திருக்கிறது. அதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். எந்தப் பக்கம் வந்ததும் உங்கள் கையைப் பிடித்து நிறுத்துகிறாள்? யானை குளிக்கும் பக்கமா? ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிற இடமா? யானை யாரையோ தேடுகிற இடமா? அடுத்த புத்தகத்துக்கான துப்பு அங்கேதான் இருக்கிறது. யானை பிடிக்கிறது என்று இன்னும் நாலு யானைப் புத்தகம் வாங்கினால் அவள் தொடாமலே போகலாம். திரும்ப வரும் வரிதான் காரணம் என்றால், அப்படி வரி வருகிற பூனைக் கதையும் ஓடும், லாரிக் கதையும் ஓடும்.

இப்போது புத்தகத் திருவிழா. ஸ்டாலில் நின்றபடியே புத்தகத்தைத் திறந்து இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். கூச்சமாக இருந்தால் முணுமுணுத்தாலும் போதும். நாக்கு எங்கே இடறுகிறது என்று பாருங்கள். "'ஓ, என் அன்பு நண்பனே! நான் உனக்கு ஏதேனும் உதவி செய்ய முடியுமா?' என்று அணில் கூறியது." நம் ஊரில் எந்த அணில் இப்படிப் பேசுகிறது? "'நானும் வரட்டுமா?' என்று கேட்டது அணில்" என்றிருந்தால் நாக்கு வழுக்கிக்கொண்டு போகும். குழந்தைகளுக்கான தமிழ்ப் புத்தகங்களில் பாதிக்கு மேல் அவசர மொழிபெயர்ப்பு என்பது என் சொந்தக் கடுப்பு. அட்டை பளபளவென்று இருக்கும், உள்ளே வாக்கியம் கல்லும் மண்ணுமாக இருக்கும். நூறு தடவை வாய்விட்டுப் படிக்கப் போவது நீங்கள்தான். உங்கள் வாய்க்குப் பிடிக்காததை வாங்காதீர்கள்.

புத்தகத்தில் "சென்றாள்" என்றிருக்கும், வீட்டில் "போனா" என்போம். எதைப் படிப்பது என்று பலர் கேட்கிறார்கள். முதல் சில நாள் படத்தைக் காட்டி உங்கள் பேச்சுத் தமிழிலேயே கதையைச் சொல்லிவிடுங்கள். கதை அவளுக்குப் பழகியதும் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி படியுங்கள். "சென்றாள்" தானாகப் புரிந்துவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி அர்த்தம் சொல்ல ஆரம்பித்தால் கதை படுத்துவிடும்.

அடுத்தது படம். எழுத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள். "மழை பெய்தது" என்று ஒரே வரி எழுதியிருக்கும். படத்தில் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒரு நாய் ஒண்டியிருக்கும், அதன் வாயில் யாருடைய செருப்போ இருக்கும், தூரத்தில் ஒருவர் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வருவார். அந்தச் செருப்பு எழுத்தில் இல்லை. குழந்தைதான் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்ததும் உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். அப்படி ஒரு செருப்பு இருக்கிற புத்தகமாகப் பொறுக்குங்கள். "மழை பெய்தது" என்ற வரிக்கு ஒரு மேகமும் நாலு கோடும் மட்டும் போட்டிருந்தால் திரும்ப வைத்துவிடலாம்.

உங்கள் மாமியாரை மறந்துவிடவில்லை. எழுத்தே இல்லாமல் படத்திலேயே நகரும் புத்தகங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கிப் பாட்டி கையில் கொடுங்கள். அவர் ஒரு நாள் சொல்லும் கதை மறுநாள் வேறாக இருக்கும். பேத்தி "நேத்து இப்படிச் சொல்லலையே" என்று சண்டைக்குப் போவாள், போகட்டும். எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் அவரைப் புத்தகத்திலிருந்து தள்ளி வைக்காதீர்கள். உங்கள் வீட்டில் பகல் முழுக்கக் கதை சொல்ல ஆள் இருக்கிறது. எத்தனையோ வீடுகளில் அது இல்லை.

எழுத்துப் படப் புத்தகம் வாங்குவதாக இருந்தால் ஃ வரை புரட்டிவிட்டு வாங்குங்கள். அ-வுக்கு அம்மா, ஆ-வுக்கு ஆடு, இ-க்கு இலை வரை சிக்கல் இல்லை. ஈ-க்கு ஈயைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கிப் போட்டிருப்பார்கள், குழந்தை "வண்டு" என்னும். ஐ-க்கு ஐந்து பேர் நிற்பார்கள், அதைப் பார்த்து "நிறைய மாமா" என்னும். ஃ-க்கு எஃகு என்று ஒரு சாம்பல் நிறக் குழாயைப் போட்டிருப்பார்கள், "பைப்பு" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். அதில் குழந்தையின் தப்பு ஒன்றுமில்லை. அந்தப் புத்தகத்தை எழுத்து கற்றுக்கொள்வதற்கு என்று நினைக்காமல், பெயர் சொல்லிச் சிரிக்கிற படப் புத்தகம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

இனி அந்த செட். குழந்தையின் கைக்கு ஒரு வரிசை இருக்கிறது. இரண்டு வயதில் நேர்க்கோடு இழுக்கும். மூன்று வாக்கில் வட்டம் வரும். கூட்டல் குறி மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் போட நான்கு ஆகும். சதுரம் அதற்கும் கொஞ்சம் பின்னால், முக்கோணம் ஐந்து வாக்கில். சில குழந்தைகளுக்கு முன்னே பின்னே ஆகலாம். இப்போது அ-வை எழுதிப் பாருங்கள், மெதுவாக. உள்ளே ஒரு சுழி, அதைச் சுற்றி ஒரு வளைவு, குறுக்கே கோடு, கடைசியில் செங்குத்தாக ஒரு கோடு. இத்தனைக்கும் கையைத் திருப்பித் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். இப்போதுதான் வட்டம் பழகிய கையிடம் இதைக் கேட்கிறது அந்தப் புத்தகம். அவள் கிறுக்குவதில் வியப்பே இல்லை. எழுத்தைத் தொடங்கும்போதுகூட ட, ப என்று நேர்க்கோட்டு எழுத்துகளில் தொடங்குவது கைக்கு எளிது. புத்தகங்கள் அகர வரிசைப்படி போவதால் கஷ்டமான எழுத்து முதலில் வந்து நிற்கிறது. ஐந்து வயது நெருங்கும்போது பரணிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். காகிதம் எங்கும் ஓடிவிடாது.

ஸ்டிக்கர் விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. என் அண்ணன் பேத்திக்கு அறுபது ஸ்டிக்கர் உள்ள புத்தகம் ஒன்று வாங்கிப் போனேன். மீனைக் குளத்தில் ஒட்ட வேண்டும், பறவையை மரத்தில் ஒட்ட வேண்டும். நான் காபி குடித்துவிட்டு வருவதற்குள் அறுபதும் காலி. பாதி ஃபிரிட்ஜ் கதவில், மீதி தூங்கிக்கொண்டிருந்த அவள் தாத்தாவின் வழுக்கையில். காசு போச்சே என்று அன்று இருந்தது. ஆனால் ஸ்டிக்கரை நுனி மடங்காமல் உரித்து ஒட்டுவது சின்ன விரலுக்கு நல்ல வேலைதான், எங்கே ஒட்டினால் என்ன? ஒரு நாளைக்கு ஒரு தாள் என்று நீங்களே கிழித்துக் கொடுங்கள். புத்தகத்தை முழுசாகக் கையில் தராதீர்கள்.

புதிதாக ஆக்டிவிட்டி புத்தகம் வாங்கினால் ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். பின்பக்கப் படம் தெரிந்தால் ஸ்கெட்ச் பேனா ஊறி அடுத்த பக்கமும் பாழாகும். படம் பெரிதாக, கோடு தடிமனாக, ஒரு பக்கத்துக்கு ஒரே வேலையாக இருக்கட்டும். நடுவில் பின் அடித்த புத்தகமானால் பின் வெளியே துருத்துகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பக்கத்தில் பாதியாவது வெற்றிடமாக விட்டு "இந்தப் பேருந்தில் யார் யார் போகிறார்கள்?" என்று கேட்கிற புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். அது அபூர்வம்.

கிடைக்காவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. பக்கத்திலேயே சிவகாசி இருக்கிறது. தெரிந்த அச்சகத்தில் கேட்டால் வெட்டி மிஞ்சிய தாள் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். மாமியார் வாசலில் கோலம் போடுவாரா? மூன்று புள்ளி, மூன்று வரிசை வைத்து அவள் கையில் சுண்ணக்கட்டியைக் கொடுக்கச் சொல்லுங்கள். புள்ளி இணைக்கும் புத்தகத்துக்குப் பாட்டி அதுதான். வெண்டைக்காய்க் காம்புப் பக்கத்தைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்துக் குத்தினால் ஐந்து இதழ்ப் பூ விழும். அன்றைக்குக் குழம்பில் இரண்டு காய் குறையும், அவ்வளவுதான்.

கணவர் சொல்வதையும் தள்ள வேண்டாம். ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வரும் படப் புத்தகங்களை, 1996-ல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகம் போட்டுவருகிறது. அதில் ஒன்றிரண்டு வாங்குங்கள். ஆனால் ஆங்கிலத்தை அவர்தான் படிக்க வேண்டும், அது என் நிபந்தனை. ஒரு வரி தமிழ், ஒரு வரி ஆங்கிலம் என்று மாற்றி மாற்றிப் படித்தால் கதை நொண்டும். அப்பா படிக்கும் நாளில் முழுக்க ஆங்கிலம், அம்மா படிக்கும் நாளில் முழுக்கத் தமிழ். விலை குறைவாக வேண்டுமென்றால் நேஷனல் புக் டிரஸ்ட் ஸ்டால். பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் வெளியீடுகளையும் பாருங்கள். தாரா புக்ஸ் கையால் அச்சிடும் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள், அழகு. ஆனால் சின்னவன் இருக்கிற வீட்டுக்கு இப்போது வேண்டாம்.

செலவே இல்லாத வழியும் உண்டு. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன, இறக்கி அச்சிட்டுக்கொள்ள அனுமதியும் உண்டு. முதல் நிலைக் கதைகளில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான் இருக்கும். வெளிர்ப் படமாக உள்ள ஒன்றைத் தேர்ந்து கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்து நூலால் தைத்துக் கொடுங்கள். வண்ணத்தை அவள் போடட்டும். கதைப் புத்தகமும் ஆயிற்று, வண்ணம் தீட்டும் புத்தகமும் ஆயிற்று.

சின்னவனுக்குக் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றே ஒன்று போதும். மூலை வட்டமாக இருக்க வேண்டும். பின், ஜிகினா, பிய்ந்து வரும் பொத்தான் எதுவும் கூடாது. கடிக்கட்டும், அவன் படிப்பது இப்போது அப்படித்தான். ஒரு பக்கத்துக்கு ஒரு படம். காக்காயைக் காட்டி "கா... கா..." என்றால் போதும், கதை வேண்டாம். இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. 1658-ல் கொமேனியஸ் என்ற ஆசிரியர் பிள்ளைகளுக்காக நியூரம்பெர்க்கில் ஒரு படப் புத்தகம் அச்சிட்டார். அதன் தொடக்கத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சத்தம், பெரும்பாலும் ஒரு பிராணியின் சத்தம்தான். முதலில் வந்து நிற்பது காகம், "ஆ ஆ" என்று கத்துகிறது. ஆட்டுக்குட்டி "பே ஏ ஏ" என்கிறது.

ஆயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை மதுரைக்குக் கூட்டிப் போங்கள். 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. நீங்கள் எதையும் எடுத்துக் கொடுக்காமல் சும்மா உட்கார்ந்திருங்கள். எதை எடுக்கிறாள், எதை இரண்டாம் தடவை எடுக்கிறாள் என்று மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டோடு புத்தகத் திருவிழாவுக்குப் போங்கள். நாலு படப் புத்தகம், ஓர் அட்டைப் புத்தகம், ஒரு டப்பா தடித்த கிரேயான். இதற்கு மேல் இந்த வருஷத்துக்கு வேண்டாம்.

மறக்காமல் அந்த யானைப் புத்தகம் இன்னொன்று கிடைக்கிறதா என்று விசாரியுங்கள், கிடைத்தால் வாங்கி ஒளித்து வையுங்கள். இரண்டு மாதம் தாங்கியது சரி, சின்னவனுக்கு மேல்வரிசைப் பல்லும் முளைத்துவிட்டால் தாங்காது.