கையால பெய்யிற மழை

கேள்வி: மகளோட ஸ்கூல் கொயர்ல 'கிளவுட்பர்ஸ்ட்'னு ஒரு பாட்டு. பாதியில எல்லாரும் சொடக்கு போடுறாங்க, தொடையில தட்டுறாங்க, பின்னாடி ஒரு பிள்ளை தகரத்தை ஆட்டுது. கேட்டா மழையாம்! புரியாத ஸ்பானிஷ் வேற. சிசிஏ, அதான் இணைப்பாட நடவடிக்கைன்னு, இதுக்கா இத்தனை மணிநேரம்?
- ஈசூன் வாசகி

பதில்: புரியலன்னு சொல்றீங்களே, அந்த ஸ்பானிஷ்லதாங்க உங்க கேள்விக்கு பதிலே இருக்கு. இந்தப் பாட்டுக்கு இசையமைச்ச அமெரிக்கர் எரிக் விட்டேக்கர் 1991-ல கலிஃபோர்னியா வடக்குப் பக்கம் போனப்போ நேர்ல பாத்த ஒரு பேய்மழைதான் அவரை இதை எழுத வச்சது, அப்ப அவருக்கு வயசு 21. வரிகள் மெக்சிகோ கவிஞர் ஆக்டேவியோ பாஸோடது, 60-கள்ல டெல்லியில தூதரா இருந்தாரே, நோபல் வாங்கினவர், அவரேதான். கவிதைக்குத் தலைப்பு 'உடைந்த குடம்'. அந்தத் தலைப்பை நம்மாளுங்களுக்கு விளக்கணுமா என்ன.

காஞ்சு வெடிச்ச மண்ணைப் பாத்து 'தண்ணியே இல்லையா, வெறும் ரத்தமும் புழுதியும்தானா, முள்ளுமேல வெறுங்கால் நடக்குறது மட்டுந்தானா'ன்னு கேக்குற கவிதை அது. அப்புறம் ஒரு வரி வரும், கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கணும், கையால கனவு காணணும்னு. கையால! அதைப் பாடின பிள்ளைங்க அடுத்து கையாலயே மழையைக் கொண்டு வர்றாங்க, இதைப் போய் 'இதுக்கா இத்தனை மணிநேரம்'னு கேட்டுட்டீங்களே, எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமா போச்சு.

அந்த சொடக்கு லேசுப்பட்டதும் இல்லங்க. எல்லாரும் தாளத்துக்கு ஒண்ணா போட்டா அது பரேடு மாதிரி ஆயிடும், மழையா கேக்காது. ஒவ்வொருத்தரும் பக்கத்துல நிக்கிறவங்களோட சேந்துடாம தன் போக்குல போடணும், அதே நேரம் மொத்த சத்தமும் பொட்டு பொட்டா ஆரம்பிச்சு சடசடன்னு ஏறணும். சின்ன வயசுலேருந்து 'சேந்து பாடு, சேந்து பாடு'ன்னு பழகின பிள்ளைங்களுக்கு சேராம இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு மகளையே கேட்டுப் பாருங்க.

நம்ம சிங்கப்பூர்ல வருஷத்துக்கு சராசரியா 171 நாள் மழை. விடியக்காலையில சுமத்ரா புயல், அதான் பலத்த காத்தோட வர்ற மழை, அது வர்றப்போ எந்திரிச்சு காரிடார்ல நின்னிருக்கீங்களா? முதல்ல எதிர் ப்ளாக் கார்பார்க்ல ஏதோ ஒரு கார் கூரையில டொக்குன்னு ஒரு சத்தம், கொஞ்சம் விட்டு தள்ளி இன்னொண்ணு, எண்ணிக்கிட்டே இருக்கலாம், அப்புறம் திடீர்னு எண்ணவே முடியாது. துணியை உள்ள இழுக்குற அவசரத்துல நாம அதைக் கேக்குறதே இல்ல.

தமிழுக்கும் இது புதுசு இல்லங்க. பாரதி மழைக்கு 'தீம்தரிகிட'ன்னு ஜதியிலதானே பாட்டு கட்டினாரு, இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் சென்னையில இளைஞர் சேர்ந்திசைக் குழு நடத்தி பாரதி பாட்டையெல்லாம் பல குரல்ல பாட வச்சாரே. தமிழ்லயும் இப்படி ஒண்ணு வேணும்னு நீங்க கேட்டிருந்தா நானும் உங்க கட்சிதான்.

இன்னைக்கு ராத்திரி மகளை உக்கார வச்சு, சொடக்குக்கு முன்னாடி வர்ற வரிக்கெல்லாம் அர்த்தம் கேளுங்க. அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்.