பையா, பெட்டியா... பூட்டு எதற்கு?

கேள்வி: நான் எலெக்ட்ரீஷியன். வீடு அயனாவரம், வேலை பெரும்பாலும் வேளச்சேரி, மேடவாக்கம் அபார்ட்மென்ட்களில். எல்லாக் கருவிகளையும் ஒரே பையில் கொட்டி பைக்கில் கொண்டுபோகிறேன். ஏணி மேல் நின்றுகொண்டு டெஸ்டரைத் தேடுவதற்குள் உயிர் போகிறது. இரும்புப் பெட்டி, பிளாஸ்டிக் பெட்டி, முதுகில் மாட்டும் பை, எது நல்லது? பூட்டு இருந்தால் தேவலை. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆன அப்பா, எதையாவது எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து வேலைக்குப் போய்விடுகிறார். ஸ்பானர் செட்டும் கட்டிங் பிளேயரும் அவருடையதுதான், இருந்தாலும் எனக்குத் தொழில் நடக்க வேண்டாமா?

பதில்: பூட்டு கேட்டு எழுதுகிறவர்கள் வழக்கமாகத் திருட்டைப் பற்றிப் புலம்புவார்கள். உங்கள் கடிதத்தில் திருடனே இல்லை, அப்பாதான் இருக்கிறார். அவர் சம்பளத்தில் வாங்கிய ஸ்பானரை அவர் தொடாமலிருக்கப் பூட்டு வேண்டும். இதற்கு நான் கடை சொல்ல மாட்டேன், தம்பி.

டெஸ்டர் இல்லை என்பது வேளச்சேரியில் ஏணி மேல் ஏறிய பிறகுதான் தெரிகிறது என்றால், காலையில் பையைத் திறந்து பார்க்காமல் கிளம்பியது யார்? அந்தப் பழியையும் பெரியவர் தலையில் போட்டாயிற்று. ரிடையர் ஆன மனுஷனை "அண்ணே, குழாய் ஒழுகுது, கொஞ்சம் வந்து பாருங்க" என்று தெருவில் நாலு பேர் கூப்பிடுகிறார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப அது ஒரு காரணம். நீங்கள் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு அவருக்கென்று ஒரு திருப்புளியாவது வாங்கிக் கொடுத்தீர்களா? ஒரு டெஸ்டர், இரண்டு திருப்புளி, ஒரு பிளேயர். சின்னச் செலவு. முதலில் அதை வாங்குங்கள். அவருடைய பழைய பிளேயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, பைக்கு வருவோம். இரும்புப் பெட்டி உங்களுக்கு வேண்டாம். காலியாகவே கனக்கும், மழைக்காலத்தில் ஓரம் துருப்பிடிக்கும், பைக்கில் கட்டினால் ஒரு பக்கம் இழுக்கும். பிளாஸ்டிக் பெட்டி ஒரே இடத்தில் நாள் முழுக்க வேலை என்றால் நல்லது. லிஃப்ட் ஓடாத அபார்ட்மென்டில் நாலு மாடி ஏறுகிறவருக்கு முதுகுப் பைதான். அடிப்பாகம் கெட்டியாக, தரையில் வைத்தால் சாயாமல் நிற்க வேண்டும். உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனி அறை வேண்டும். டெஸ்டர், மல்டிமீட்டர், பிளேயர் மூன்றும் பார்க்காமலே கை போகிற இடத்தில் இருக்கட்டும்.

தனி அறை அழகுக்காக இல்லை. உங்கள் பிளேயரின் கைப்பிடி உறையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஹேக்சா பிளேடோடு ஒரே பையில் உரசிக் கிடந்தால் கீறல் விழுந்திருக்கும். 230 வோல்ட்டுக்கு அந்தக் கீறல் போதும். கீறியிருந்தால் டேப் சுற்றிச் சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள். கார்ட்லெஸ் டிரில் வைத்திருந்தால் அதன் பேட்டரியை ஆணி, ஸ்க்ரூவோடு போடாதீர்கள், இரண்டு முனையும் ஷார்ட் ஆகும். மே மாத வெயிலில் பைக்கிலேயே விட்டுப் போகவும் கூடாது. ஈரத்தோடு எதையும் உள்ளே வைக்காதீர்கள். துடைத்து, இரும்புப் பகுதிக்கு மெல்லிசாக மெஷின் ஆயில் தடவினால் கடற்காற்றுக்குக் கொஞ்சம் தாங்கும்.

இதில் எது எந்த அறைக்கு என்பதை அப்பாவிடம் விடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் டோக்கன் கொடுத்துக் கருவி வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துப் பழகிய தலைமுறை அது. ராத்திரி நீங்கள் பையை வைத்ததும் எல்லாம் இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். தனக்கு ஏதாவது வேண்டுமென்றால் சொல்லிவிட்டு எடுக்கட்டும். பொறுப்பைக் கொடுத்தால் அவரே ஒழுங்குக்கு வருவார். ஒளித்து வைத்தால் தேடத்தான் செய்வார், நீங்களும்தான் தேடுவீர்கள்.

அக்டோபர் மழைக்கு முன்னால் ஞாயிறு தவிர வேறு ஒரு நாளில் அவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு பிராட்வே போங்கள். கடைக்காரர் காட்டுகிற ஒவ்வொரு ஜிப்பையும் பத்துத் தடவை இழுத்துப் பார்ப்பார், விலையிலும் வம்பு பண்ணுவார். நடுவில் பேசாதீர்கள். ஹெல்மெட் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.