கேம்பிரிட்ஜின் மதில்கள் – கடிதம்

அன்புள்ள சார்,

ஜூலையில் லண்டனிலிருந்து மகளோடு கேம்பிரிட்ஜ் போய்வந்தேன். படகில் ஏறினோம், கல்லூரி வாசல்களில் நின்று படம் எடுத்தோம். பல இடங்களில் உள்ளே விடவில்லை. ராமானுஜன் நடமாடிய இடம் என்று ஆசையாகப் போனவளுக்கு மதில்களை மட்டும் பார்த்துவந்ததுபோல் ஒரு குறை. அடுத்த கோடையில் மறுபடி போகிறோம். எப்படிப் பார்ப்பது?

மீ., சேலம்

அன்புள்ள மீ.,

உங்களுக்குத் தோன்றியது சரிதான். அந்த ஊரின் அமைப்பே அப்படி. தெருப்பக்கம் மதில், ஒரு கோபுரவாசல், காவலர் அறை. அதைத் தாண்டினால்தான் முற்றமும் புல்வெளியும். ஆக்ஸ்ஃபோர்டில் ஊர்க்காரர்களோடு மோதல் முற்றி, 1209இல் தப்பிவந்த அறிஞர்கள் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. வந்த இடத்திலும் ஒத்துப்போகவில்லை. 1381 விவசாயிகள் கிளர்ச்சியில் ஊர்மக்கள் பல்கலைக்கழகத்தின் சாசனங்களைச் சந்தைவெளியில் போட்டுக் கொளுத்தினார்கள். வாசல் வாசலாக ஏறி இறங்கினால் எல்லாக் கல்லூரியும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டே இடம் போதும்.

முதலாவது, கிங்ஸ் கல்லூரித் தேவாலயம். உள்ளே போகுமுன் சுவரைப் பாருங்கள். ஒரு மட்டம்வரை வெள்ளைக் கல், அதற்குமேல் மங்கிய பழுப்பு. 1446இல் ஆறாம் ஹென்றி தொடங்கியது; ரோஜாப் போர்கள் எனப்படும் அரியணைச் சண்டைகளில் அவர் அரியணை இழந்ததும் வேலை நின்றது. மீண்டும் தொடங்கியபோது கல் வேறு இடத்திலிருந்து வந்தது. ஒரு அரசனின் வீழ்ச்சி சுவரில் கோடாக நிற்கிறது! உள்ளே, விசிறி விசிறியாக விரியும் கல் கூரையை ஜான் வாஸ்டெல் 1515இல் முடித்தார். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தபின் நடுவிலுள்ள மரத்தடுப்புக்கு வாருங்கள். எட்டாம் ஹென்றி, அவர் மனைவி ஆன் போலின் இருவரின் முதலெழுத்துகளும் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன. 1536இல் அவர் அவளைச் சிரச்சேதம் செய்வித்தார். எழுத்துகள் அப்படியே இருக்கின்றன.

இரண்டாவது, ராமானுஜன் இருந்த ட்ரினிட்டி கல்லூரி. அவர் 1914 ஏப்ரலில் வந்தார். ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டது. கல்லூரியின் நெவில் முற்றத்தின் தாழ்வாரங்களில் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் படுக்கை போட்டார்கள். காய்கறி கிடைப்பதே பாடாகிவிட்ட அந்த ஊரில், தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு அவர் கணக்குப் போட்டார் என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் பதைக்கிறது. அந்த முற்றத்தை ஒட்டித்தான் ரென் நூலகம். ஊர் திரும்பி, நோயில் கிடந்த கடைசி ஆண்டில் அவர் தனித்தாள்களில் எழுதிக் குவித்தவை சென்னையிலிருந்து, அவரை கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணிதர் ஹார்டிக்குப் போய், பிறகு யார் கண்ணிலும் படாமல் அங்கே கிடந்தன. 1976இல் அமெரிக்கக் கணிதர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தார். இன்றும் கணிதர்கள் அவற்றோடு மல்லாடுகிறார்கள். நியூட்டன் தன் இயக்கவிதிகளை எழுதிய பிரின்சிப்பியா நூலில், அவரே கைப்படத் திருத்திய பிரதியும் அதே நூலகத்தில் இருக்கிறது. மகளை அங்கே அவசரப்படுத்தாதீர்கள்.

படகிலும் போங்கள், தவறில்லை. வழியில் வரும் கணிதப் பாலம் என்ற மரப்பாலத்தை நியூட்டன் ஆணியே இல்லாமல் கட்டினார் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அவர் இறந்தது 1727, பாலம் 1749.

ரென் நூலகத்தில் பார்வையாளர் நேரம் குறைவு. முதலில் அதை விசாரித்துக்கொண்டு மற்றதைத் திட்டமிடுங்கள். மே மாதமும் ஜூன் முற்பகுதியும் தேர்வுக்காலம், பல வாசல்கள் மூடியிருக்கும். ஜூலையிலேயே போங்கள்.