அமெரிக்காவில் தம்பி போனை எடுக்கவில்லை: முதலில் யாரிடம் சொல்வது?

கேள்வி: என் தம்பி அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். வயது 26. தினமும் அம்மாவிடம் பேசிவிடுவான். ஆறு நாளாகப் பேச்சே இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரே டிக்தான். கூடத் தங்கியிருக்கும் பையன், "லேப்டாப் ரூம்லயே இருக்கு, ஆளைக் காணோம்" என்கிறான். போலீசுக்குச் சொன்னால் விசா போய்விடுமோ என்று அவனுக்குப் பயம். இங்கே காவல் நிலையத்தில், "அமெரிக்காவில் நடந்ததுக்கு நாங்க என்ன பண்றது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏஜென்ட் ஒருவர், "எம்பஸியில் நம்ம ஆள் இருக்கார், இன்டர்போல் நோட்டீஸ் வாங்கிடலாம், இரண்டரை லட்சம் ஆகும்" என்கிறார். அப்பா மாந்தோப்பைப் போக்கியத்துக்கு விடப் பார்க்கிறார். என்ன செய்வது?
– வாசகி, போச்சம்பள்ளி வட்டம்

பதில்: முதலில் அப்பாவைத் தோப்பு விஷயத்தில் நிறுத்துங்கள் அம்மா. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். தம்பி குடியிருக்கும் ஊரின் போலீசில், "ஆளைக் காணவில்லை" என்று நீங்களே நேரடியாகப் புகார் சொல்ல வேண்டும். தூதரகம், கலெக்டர், எம்.பி. எல்லாம் அதற்கு அடுத்துத்தான். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்வதை இருபது வருடமாகப் பார்க்கிறேன். டெல்லிக்கு மனு, சென்னைக்கு மனு, கலெக்டர் ஆபீசில் மனு என்று ஒரு வாரம் ஓடிவிடும். பையன் வசிக்கும் ஊர் போலீசுக்கு மட்டும் யாரும் ஒரு போன் போட்டிருக்க மாட்டார்கள்.

911 என்று இங்கிருந்து அடித்தால் அங்கே போகாது. அந்த ஊர் போலீஸ் துறையின் இணையதளத்தில் 'நான் எமர்ஜென்சி' என்று ஒரு சாதாரணத் தொலைபேசி எண் போட்டிருப்பார்கள். முன்னால் 1 என்ற நாட்டு எண்ணைச் சேர்த்து அதற்கு அடியுங்கள். இரவிலும் ஆள் எடுப்பார்கள். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ் இன்டர்ப்ரெட்டர்" என்று கேளுங்கள். பல போலீஸ் துறைகளில் போனிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைத்துவிடும் வசதி உண்டு. முதலில் "வெல்ஃபேர் செக்" கேளுங்கள். ஒரு போலீஸ்காரர் நேரில் போய்க் கதவைத் தட்டிப் பார்ப்பார். அப்புறம் "மிஸ்ஸிங் பெர்சன் ரிப்போர்ட்" கேட்டு, கேஸ் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். அந்த நம்பர் கையில் இல்லாவிட்டால் நீங்கள் எங்கே போனாலும் வெறும் அழுகைதான். யாரும் எதையும் தேட முடியாது. 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள் என்பது சினிமாக் கதை. உங்களுக்கு ஏற்கெனவே ஆறு நாள் போய்விட்டது.

பல்கலைக்கழக ஊர்களில் இன்னொரு குழப்பம் உண்டு. வளாகத்துக்குத் தனி போலீஸ், ஊருக்குத் தனி போலீஸ். இல்லினாயிலேயே அர்பானா, ஷாம்பெய்ன் என்று ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஊர்களுக்கு இரண்டு போலீஸ் துறை, பல்கலைக்கழகத்துக்கு மூன்றாவது. தம்பி வெளியே வாடகை வீட்டில் இருந்தால் ஊர் போலீஸ். சந்தேகமென்றால் இரண்டு இடத்திலும் சொல்லிவிடுங்கள், தப்பில்லை.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2017 ஜூன் 9ஆம் தேதி அதே இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிக்கு வந்திருந்த சீனப் பெண் ஒருவர், வீடு வாடகைக்குப் பேசப் போகும் வழியில் காணாமல் போனார். கூட இருந்தவர்கள் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கவில்லை. அன்றிரவே போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். அவர் ஒரு கறுப்பு சாட்டர்ன் ஆஸ்ட்ரா காரில் ஏறுவது தெருக் கேமராவில் பதிவாகியிருந்தது. அந்தக் காரின் சக்கர மூடியில் இருந்த விரிசலை வைத்தே ஆளைப் பிடித்தார்கள். ஜூன் 30 அன்று கைது, 2019 ஜூலையில் ஆயுள் தண்டனை. அந்தப் பெண் உயிரோடு கிடைக்கவில்லை. உங்கள் தம்பிக்கும் அப்படி என்று சொல்லவில்லை, பயப்படாதீர்கள். நான் சொல்ல வருவது கேமராவைப் பற்றி. கடைகளிலும் தெருவிலும் உள்ள கேமராக்களில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிக்கொண்டிருக்கும். நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் பதிவு அழிகிறது.

கூடத் தங்கியிருக்கும் பையனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: காணவில்லை என்று புகார் கொடுப்பதால் யாருடைய விசாவும் ரத்தாகாது. வகுப்புக்கும் ஆய்வகத்துக்கும் போகாமல், பல்கலைக்கழகத்துக்கும் தகவல் இல்லாமல் இருந்தால்தான் மாணவர் பதிவில் சிக்கல் வரும். ஆகவே அவன் இன்றே நேரில் போலீசுக்குப் போகட்டும். தம்பியின் அறையைச் சுத்தம் செய்ய வேண்டாம், லேப்டாப்பைத் தொட வேண்டாம். நீங்களும் இங்கிருந்து தம்பியின் ஈமெயில் பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துப் போட்டுக் கணக்கைப் பூட்டிவிடாதீர்கள்.

பல்கலைக்கழகத்தில் கைடுக்கும் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கும் ஈமெயில் அனுப்புங்கள். "மாணவரின் தகவல் அந்தரங்கம், சொல்ல முடியாது" என்று முதல் பதில் வரும். மாணவர் தகவலைக் காக்கும் அமெரிக்கச் சட்டத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள்; உயிருக்கு ஆபத்து என்னும்போது சொல்லலாம் என்று அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது. உங்களிடம் சொல்லாவிட்டாலும் போலீசிடம் சொல்லட்டும். அடையாள அட்டையைக் கடைசியாக எந்தக் கதவில் காட்டினான் என்பது அவர்களிடம் இருக்கும்.

இனி பெயர். இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். தம்பியின் பாஸ்போர்ட் நகலை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு 'சர்நேம்' கட்டம் காலியாக இருக்கும். அப்படியானால் அமெரிக்க விசாவில் பையனின் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. வேறு சிலருக்கு இனிஷியலை விரித்து எழுதியதில் அப்பா பெயரே சர்நேம் ஆகியிருக்கும். என்னிடம் வந்த ஒரு குடும்பம் பையனின் பெயரைச் சொல்லி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போன் போட்டது. எங்கேயும் இல்லை என்றார்கள். கடைசியில் பார்த்தால், இரண்டாவதாகக் கேட்ட ஆஸ்பத்திரியிலேயே அப்பா பெயரில் படுத்திருக்கிறான்! ஆகவே போலீசிடம் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல் சொல்லுங்கள். அப்பா பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். கவுண்டி (அங்கே நம் மாவட்டம் மாதிரி) சிறைகளின் கைதிப் பட்டியல் பெரும்பாலும் இணையத்திலேயே இருக்கும். குடியேற்றத் துறை பிடித்து வைத்திருப்பவர்களைத் தேடவும் ஒரு தளம் இருக்கிறது; பிறந்த நாடும் பெயரும் கேட்கும், ஓர் எழுத்து மாறினாலும் ஆள் இல்லை என்று சொல்லிவிடும். பெயரை முன்பின்னாக மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

சிறை என்றதும் வருத்தப்படாதீர்கள். இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளமாகவே.

பதினெட்டு வயது தாண்டிய ஆள் யாரிடமும் சொல்லாமல் விலகிப் போனால் அது அங்கே குற்றமில்லை. போலீஸ் தேடிக் கண்டுபிடித்துவிட்டால், "உங்கள் வீட்டில் தேடுகிறார்கள், இருக்கும் இடத்தைச் சொல்லலாமா?" என்று அவனையே கேட்பார்கள். வேண்டாம் என்றால் உங்களுக்கு வரும் தகவல் இவ்வளவுதான்: ஆள் கிடைத்தார், பத்திரமாக இருக்கிறார். எங்கே, யாரோடு, ஏன், எதுவும் வராது. கேஸ் முடிந்தது என்பார்கள். இதைக் கேட்டதும் "எதையோ மறைக்கிறார்கள்" என்று நம் வீடுகளில் கொதிப்பார்கள், ஏஜென்டிடம் ஓடுவார்கள். அந்தப் பதில் வந்தால் அதைவிட நல்ல செய்தி இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். "அவன் எழுதும் கடிதத்தை மட்டும் வாங்கித் தருவீர்களா?" என்று பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம்.

கைது விஷயமும் இப்படித்தான். 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு ஒப்பந்தத்தின் 36வது பிரிவுப்படி, வெளிநாட்டுக்காரரைப் பிடித்தால், "உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு" என்று அவரிடம் சொல்லியாக வேண்டும். சீனா போன்ற சில நாடுகளின் ஆட்கள் என்றால் அவர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அமெரிக்கா தகவல் கொடுத்தே ஆக வேண்டும், தனி ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. பிடிபட்டவன் கேட்டால்தான் தகவல் போகும். நம் பையன் என்ன சொல்வான்? "வேண்டாம் சார், ஊருக்குத் தெரிஞ்சா அப்பா செத்துடுவார்" என்பான். ஆகவே கான்சுலேட்டில் (அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில்), "எங்களுக்குத் தகவல் எதுவும் இல்லை" என்றால் அவன் கைதாகவில்லை என்று அர்த்தமில்லை. ஆய்வு நிதி நின்றது, தகுதித் தேர்வில் தவறியது, கல்விக்கடன், காதல் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். இதை இவ்வளவு இழுப்பதற்குக் காரணம், இப்படிப்பட்ட பையன்கள் ஊருக்குப் பயந்துதான் ஒளிகிறார்கள். அவனைப் போனில் பிடித்தால் முதல் வார்த்தையாக, "எதுக்கும் கோபமில்லடா" என்று அம்மா சொல்லட்டும். கேள்விகளை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

சரி, தூதரகம். இல்லினாய் மாநிலம் சிகாகோவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் கீழ் வருகிறது. கேஸ் நம்பரோடு அவர்களுக்கு ஈமெயில் போடுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்திலும் பதிவு செய்யுங்கள். 2015 முதல் இருக்கிறது, மனுவுக்கு எண் வரும். தமிழக அரசில் அயலகத் தமிழர் நலனுக்கென்று தனித் துறையே சென்னையில் இருக்கிறது, உதவி எண்ணும் உண்டு. இவை எதற்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் இல்லை.

உள்ளூர் காவல் நிலையம் சொன்னதில் பாதி உண்மை. இங்கே எஃப்ஐஆர் போட்டாலும் நம் இன்ஸ்பெக்டர் இல்லினாயில் ஒரு கதவைக்கூடத் தட்ட முடியாது. ஆனால் புகாரை வாங்க மாட்டேன் என்பது அடாவடி. எல்லைக்கு வெளியே நடந்தது என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்காகத்தானே ஜீரோ எஃப்ஐஆர் வந்தது? 2024 ஜூலை 1 முதல் அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173வது பிரிவாகவே இருக்கிறது. வெளிநாடு என்று வரும்போது அதில் நுணுக்கங்கள் உண்டு, உங்களை அதற்குள் இழுக்கவில்லை. எழுத்தில் கொடுத்து, புகாரை வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள், போதும். வாங்காவிட்டால் கிருஷ்ணகிரி எஸ்.பி. அலுவலகம். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். அது பிரிவு பிரிவாகச் சுற்றி, கடைசியில் உங்களைத் திருப்பி அனுப்பிய அதே நிலையத்துக்கு 'தக்க நடவடிக்கைக்காக' வந்து நிற்கும். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்!

இப்போது அந்த இரண்டரை லட்சத்துக்காரர். இன்டர்போலில் காணாமல் போனவர்களுக்கு மஞ்சள் நோட்டீஸ் என்று ஒன்று உண்டுதான். அதைக் கேட்கக்கூடியது போலீஸ். இந்தியாவிலிருந்து போவதென்றால் சிபிஐ வழியாகத்தான் போகும். எந்தத் தனியாருக்கும் அதில் வேலை இல்லை, காசும் இல்லை. அவர் கொண்டுவந்து காட்டப்போவது கலர் ஜெராக்ஸ். 'எம்பஸியில் ஆள்' என்பதும் அப்படித்தான். அந்த ஆள் செய்வதெல்லாம் நான் மேலே சொன்ன மதத் தளத்தில் உங்கள் சார்பில் மனுப் போடுவது. பவர் ஆஃப் அட்டர்னி, கையெழுத்துப் போட்ட வெற்றுப் பத்திரம், அசல் பாஸ்போர்ட், தம்பியின் சான்றிதழ்கள், எதையும் கொடுக்காதீர்கள். என் தொழில்காரர்களான வக்கீல்களையும் சொல்லிவிடுகிறேன்: ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போட்டு ஆளைக் கொண்டுவந்துவிடலாம் என்று ஃபீஸ் கேட்பார்கள். சென்னை நீதிமன்றத்தின் உத்தரவுக்கு இல்லினாய் ஷெரிப் கட்டுப்பட்டவரில்லை.

பணம் கேட்டு யாராவது போன் செய்தால்? "உன் தம்பி எங்ககிட்ட இருக்கான்" என்று புகைப்படம்கூட அனுப்பலாம். 2023 டிசம்பரில் யூட்டா மாநிலத்தில் 17 வயது சீன மாணவன் ஒருவனின் பெற்றோர் இப்படி 80,000 டாலர் அனுப்பினார்கள். பையன் மலையில் ஒரு கூடாரத்தில் தனியாகக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் கடத்தல்காரன் ஒருவனும் இல்லை. போனிலேயே மிரட்டி அவனை ஒளிய வைத்து, அந்தப் பக்கம் பெற்றோரையும் மிரட்டியிருக்கிறார்கள். அழைப்பு வந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு, தம்பிக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். சின்ன வயதில் வளர்த்த நாயின் பெயர் மாதிரி. அப்புறம் அங்கே கேஸை வைத்திருக்கும் போலீசுக்கும், இங்கே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் சொல்லுங்கள். தம்பியின் படத்தோடு உங்கள் செல் நம்பரை ஊரெல்லாம் பரப்பினால் இந்த மாதிரி ஆட்கள்தான் முதலில் கூப்பிடுவார்கள். படத்தின் கீழே அந்த ஊர் போலீஸ் எண்ணையும் கேஸ் நம்பரையும் மட்டும் போடுங்கள்.

அப்பா அமெரிக்கா போக வேண்டுமா என்றால், இப்போது வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட் இல்லையென்றால் தத்காலில் விண்ணப்பித்து வையுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்கு 3,500 ரூபாய். போலீஸ் கேட்கக்கூடும் என்பதால் தம்பி பல் வைத்தியம் செய்த எக்ஸ்ரே, உடம்பில் உள்ள தழும்பு, மச்சம் இவற்றையும் எழுதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தோப்புப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், சாவி உங்கள் அம்மாவிடம் இருக்கட்டும். இன்றிரவு போன் செய்துவிட்டு, கேஸ் நம்பரோடு எனக்கு எழுதுங்கள்.