சூரியனின் ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது?

கேள்வி: சூப்பர்நோவாவாக வெடித்த பழைய நட்சத்திரத்தின் மிச்சத்திலிருந்து சூரியன் உருவானதாகப் பாடம் எடுக்கிறேன். "எரிபொருள் தீர்ந்த பிறகுதானே நட்சத்திரம் வெடிக்கிறது? அப்புறம் சூரியனுக்கு இவ்வளவு ஹைட்ரஜன் ஏது?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். எப்படி விளக்குவது?

பதில்: மாணவர்கள் சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறார்கள். சூரியனின் பெரும்பகுதி எந்த நட்சத்திரத்தின் மிச்சமும் அல்ல. அதன் மேற்பரப்பில் எடைக்கணக்கில் சுமார் 73 விழுக்காடு ஹைட்ரஜன், 25 விழுக்காடு ஹீலியம். அந்த ஹைட்ரஜனும், ஹீலியத்தில் பெரும்பங்கும் சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெடிப்பின் முதல் சில நிமிடங்களுக்குள் உருவானவை. தவிர, வெடிக்கும் நட்சத்திரத்திலும் எரிபொருள் தீர்வது மையத்தில்தான். பெரும்பாலானவற்றின் வெளியடுக்குகளில் ஹைட்ரஜன் நிறையவே மிஞ்சியிருக்கும்.

பழைய நட்சத்திரங்கள் தந்தது, ஹீலியத்தின் சிறு பங்கைத் தவிர்த்தால், மீதியுள்ள 2 விழுக்காட்டுக்கும் குறைவான பங்கை. சொற்பம்தான், ஆனாலும் நாலாயிரம் பூமிகளின் எடைக்கு மேல் வரும்! அதுவும் ஒரே நட்சத்திரம் கொடுத்ததல்ல. ஆக்சிஜன் பெரும்பாலும் பெருநட்சத்திரங்கள் வெடித்ததில் வந்தது. கார்பனில் ஒரு பகுதியைச் சிறிய நட்சத்திரங்கள் முதுமையில் வெளித்தள்ளின. இரும்பில் கணிசமான பங்கு வெண்குள்ளன்கள் (எரிந்து முடிந்த நட்சத்திரங்களின் அடர்ந்த மையங்கள்) வெடித்துச் சிதறியதில் கிடைத்தது.

சூப்பர்நோவா பேச்சுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1969-இல் மெக்சிகோவில் விழுந்த அயெந்தே விண்கல்லை அறுத்தால், கருஞ்சாம்பல் நிறக் கல்லுக்குள் வெண்ணிறத் துணுக்குகள் தெரியும். அத்துணுக்குகளின் வயது சுமார் 456.7 கோடி ஆண்டு. அவற்றில் மெக்னீசியம்-26 வழக்கத்தைவிடக் கூடுதலாக இருப்பது 1976-இல் தெரியவந்தது. அலுமினியம்-26 என்ற கதிரியக்க அலுமினியம் சிதைந்தால் வருவது அது. அலுமினியம்-26-இன் அரை ஆயுளோ (பாதி சிதைய ஆகும் காலம்) ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகள்தான். ஆகவே சூரியன் பிறப்பதற்குச் சற்று முன்பு அது புதிதாக வந்து கலந்திருக்க வேண்டும். கொண்டுவந்தது சூப்பர்நோவாவா, பெருநட்சத்திரம் வீசிய காற்றா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எதுவானாலும் சூரியனின் மொத்த எடையில் அதன் பங்கு மிக மிகக் குறைவு.

வகுப்பில் குளிரிலிருந்து தொடங்குங்கள். சூரியன் பிறந்த வாயு மேகத்தின் அடர்ந்த முடிச்சு சுமார் மைனஸ் 263 டிகிரி செல்சியஸில் இருந்தது. சூடாக இருந்திருந்தால் வாயுவின் அழுத்தம் ஈர்ப்பை எதிர்த்து நின்றிருக்கும். குளிர்ந்திருந்ததால் முடிச்சு தன் எடையாலேயே உள்நோக்கிச் சரிந்தது. சுழற்சியால் சுற்றிலும் தட்டு உருவாகி, பின்னர் அதில் கோள்கள் பிறந்தன. சுருங்கச் சுருங்க மையம் சூடேறி 1 கோடி டிகிரியைத் தாண்ட, ஹைட்ரஜன் ஹீலியமாக இணையத் தொடங்கியது. அழுத்தம் ஈர்ப்பை ஈடுகட்டிச் சுருக்கம் நிற்க நாலைந்து கோடி ஆண்டுகள் பிடித்தன.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். சூரிய நிறமாலையில் (சூரிய ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறப்பட்டையில்) இரும்பின் கோடுகளைப் பார்த்ததும், சூரியனே இரும்பைத் தயாரிக்கிறது என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள். மையத்தின் 1.5 கோடி டிகிரி வெப்பம் ஹைட்ரஜனை ஹீலியமாக்கத்தான் போதும். நிறமாலையில் தெரியும் இரும்பு முழுவதும் அந்த மேகத்திலேயே இருந்தது.