பக்கத்து அறையில் கம்ப்யூட்டர்

அன்புள்ள ஐயா,

வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி ஒலிநூல்கள் வாசித்துப் பதிவு செய்கிறேன். கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம்தான் தீராத தொல்லை. நேரம் ஆக ஆக வேகமெடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் போட்டால் குரலும் சேர்ந்து செத்துவிடுகிறது. எனவே கம்ப்யூட்டரைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டு, சுவரில் துளை போட்டு, மானிட்டர், கீபோர்டு, மவுஸ், மைக்கையும் ஹெட்போனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி எல்லாவற்றையும் இந்தப் பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். கேபிள் போகும் வழி 12 மீட்டர் வருகிறது. மூன்று யூஎஸ்பி நீட்டிப்பு கேபிள்களை ஒன்றோடொன்று மாட்டினால் போதும் என்கிறார் நண்பர். சரிவருமா? இவ்வளவு நீளத்தால் ஹெட்போனில் குரல் தாமதமாக வராதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கம்ப்யூட்டரை வெளியேற்றும் முடிவு சரி. நண்பர் சொன்ன வழி சரியில்லை.

அதற்கு முன், குற்றவாளி கம்ப்யூட்டர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பேட்டரியில் ஓடும் சிறிய ரெக்கார்டர் ஒன்றை மைக் இருக்கும் இடத்தில் வைத்து, கம்ப்யூட்டர் ஓடும்போது ஒரு நிமிடமும் அணைத்தபின் ஒரு நிமிடமும் வெறும் அறையைப் பதியுங்கள். ரெக்கார்டரின் ஒலியளவு தானாக ஏறி இறங்காமல் கையால் பூட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுபோல் கேட்கும். வித்தியாசம் பெரிதாக இல்லை என்றால் ஏசியையோ, சுவருக்கு அப்பால் இருக்கும் ஃப்ரிட்ஜையோ சந்தேகப்படுங்கள். இன்னொன்று, உங்களுடையது முன்பக்கம் வரும் ஒலியை மட்டும் நன்றாகப் பிடிக்கும் கார்டியாய்டு மைக் என்றால் அதன் முதுகுப் பக்கம்தான் காது மிகவும் மந்தம். அந்த முதுகை ஃபேனுக்கு நேராகத் திருப்பிப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம். ஒலிநூல்களை ஏற்கும் ஏசிஎக்ஸ் தளம் பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. சிலருக்கு இந்தத் திருப்பலிலேயே அந்த எல்லைக்குள் வந்துவிடும்.

வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தாமதம் பற்றிய பயம் வேண்டாம். கேபிளுக்குள் மின்குறிகை ஒரு மீட்டரைக் கடக்கச் சுமார் 5 நானோநொடி பிடிக்கும். 12 மீட்டருக்கு 60. ஹெட்போனில் நீங்கள் உணரும் தாமதம் மென்பொருளின் பஃபரால், அதாவது ஒலியைச் சிறு சிறு கட்டுகளாகச் சேர்த்துவைத்து அனுப்பும் இடத்தால் வருவது. நொடிக்கு 48 ஆயிரம் சாம்பிள் (ஒலியின் சிறு அளவீடு) எடுக்கும் 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் வைத்தால் ஏறத்தாழ 2.7 மில்லிநொடி, அதுவும் உள்ளே வர ஒரு தடவை, வெளியே போக ஒரு தடவை. கேபிள் சேர்ப்பதைவிட இது நாற்பதாயிரம் மடங்குக்கும் மேல்.

வேடிக்கை என்னவென்றால், காது கண்டுகொள்ளாத அந்த நானோநொடிகளை யூஎஸ்பி கறாராக எண்ணுகிறது. எதிர்முனையிலிருந்து வரும் பதிலுக்குக் கம்ப்யூட்டர் குறிப்பிட்ட நேரம்தான் காத்திருக்கும். யூஎஸ்பி 2.0 விதியில் ஒரு கேபிளுக்கு ஒதுக்கிய பங்கு 26 நானோநொடி. 5 மீட்டர் என்ற எல்லை அதிலிருந்து வந்ததுதான். சாதாரண நீட்டிப்புகளை மாட்டி 12 மீட்டர் இழுத்தால் சில சமயம் வேலை செய்வதுபோலவே இருக்கும், அதுதான் ஆபத்து. இன்டர்ஃபேஸ் தெரியும், பச்சை விளக்கு எரியும், இருபதாவது நிமிடத்தில் ஒரு ‘டிக்’ விழும். நீங்கள் வாசித்து முடித்து, திரும்பக் கேட்கும்போதுதான் அது தெரியும். உள்ளே சிப் வைத்த நீட்டிப்புகள் உண்டு. அவை ஒவ்வொன்றும், யூஎஸ்பி இணைப்பைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான ஹப் ஒன்றின் கணக்கு. ஐந்து ஹப் வரை அனுமதி என்பதால் காகிதத்தில் 30 மீட்டர் வரை போகலாம். ஆனால் யூஎஸ்பி மின்சாரத்தையே நம்பியிருக்கும் இன்டர்ஃபேஸுக்கு அந்தத் தூரத்தில் வோல்டேஜ் இளைத்துவிடும். அந்த மின்சாரத்திலிருந்துதான் மைக் இயங்கத் தேவையான 48 வோல்ட்டை வேறு எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஆகவே இன்டர்ஃபேஸையும் கம்ப்யூட்டரோடு பக்கத்து அறைக்கே அனுப்பிவிடுங்கள். நீட்ட வேண்டியது மைக் கேபிளை. மைக்குகளுக்கு வழக்கமாகப் போடும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கேபிளில் ஒரே குரல் இரண்டு கம்பிகளில் எதிரெதிராகப் போகிறது. வழியில் இரண்டிலும் ஒரேபோல் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் மறுமுனையில் கழிக்கப்பட்டுவிடுகிறது. மேடைக் கச்சேரிகளில் 50 மீட்டர் இழுக்கிறார்கள், உங்கள் 12 மீட்டர் அதற்குப் பொருட்டே இல்லை. 48 வோல்ட்டும் அதே கம்பிகளில் நிம்மதியாக வந்து சேரும். ஹெட்போனுக்கு, இன்டர்ஃபேஸின் ஒலி வெளியே வரும் லைன் அவுட் துளையிலிருந்து இதே மாதிரி கேபிளில் கொண்டுவந்து, மேசைமேல் அதைப் பெருக்கித் தரும் சின்ன ஹெட்போன் ஆம்ப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்ஃபேஸில் இருக்கும் மைக் ஒலியளவுக் குமிழ் கைக்கு எட்டாதே என்று கேட்பீர்கள். ஒரே குரல், ஒரே தூரம், ஒரே மைக்: ஒருமுறை அமைத்துவிட்டால் தினமும் தொட வேண்டிய வேலை இல்லை.

கீபோர்டும் மவுஸும் மட்டும் யூஎஸ்பியில் வரட்டும். நொடிக்கு 12 மெகாபிட்டே அவற்றுக்கு அதிகம் என்பதால், கேட்6 நெட்வொர்க் கேபிள் வழியே யூஎஸ்பியைக் கடத்தும் மலிவான பெட்டிகளே போதும். அங்கே ஒரு ‘டிக்’ விழுந்தாலும் ஒலிப்பதிவில் கேட்காது. மானிட்டருக்கு 12 மீட்டர் செப்பு ஹெச்டிஎம்ஐ சாதாரண எச்டி படத்துக்கு ஒருவேளை தாங்கும், 4கே என்றால் ஒளியிழை ஹெச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு. கம்ப்யூட்டர் முனை எது, திரை முனை எது என்று பிளக்கிலேயே எழுதியிருக்கும். சுவருக்குள் தலைகீழாக இழுத்துவிட்டால் மறுபடி உருவுவதைத் தவிர வழியில்லை.

சுவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கோட்டை விடுவது இங்கேதான். சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. 10 சதுர மீட்டர் சுவரில் 5 சென்டிமீட்டர் சதுரத் துளை என்பது நாலாயிரத்தில் ஒரு பங்குதான். அதுவே தடுப்பை 36 டெசிபலில் நிறுத்திவிடும். தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை விட்ட கதைதான். துளையின் அளவைத் தீர்மானிப்பது கேபிள் அல்ல, பிளக். நெட்வொர்க் கேபிளையும் மைக் கேபிளையும் வெறும் கம்பியாக இழுத்து, அப்புறம் முனை மாட்டிக்கொள்ளலாம். ஹெச்டிஎம்ஐயில் அது முடியாது, அதன் தலை நுழையும் அளவுக்குப் பைப் வேண்டும். பைப்பை நேராகப் போடாமல் சாய்வாகப் போடுங்கள், உள்ளே பாறைக் கம்பளி அடையுங்கள், இரண்டு வாயையும் காய்ந்து இறுகாத புட்டியால் மூடுங்கள். சோபா ஸ்பாஞ்ச் அடைத்துப் பயனில்லை, அது எதிரொலியைக் குறைக்குமே தவிர ஊடுருவும் சத்தத்தைத் தடுக்காது. உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள், அடுத்த கேபிளை இழுக்க உதவும். கரண்ட் வயரை இதே பைப்பில் விடாதீர்கள்.

உர்ர் என்று ஹம் வந்தால், கம்ப்யூட்டர், இன்டர்ஃபேஸ், ஹெட்போன் ஆம்ப், மானிட்டர் நான்கையும் ஒரே மின்சர்க்யூட்டில் மாட்டிப் பாருங்கள். பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். கேட்காதீர்கள், அது உயிரோடு விளையாடுவது.

பக்கத்து அறையில் கம்ப்யூட்டரை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் ஆசையும் வரும். 300 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் அந்த 300 வாட்டையும் வெப்பமாகத்தான் கக்கும். மூடிய அலமாரியில் அது ஃபேனை இன்னும் விரட்டும். ஃபேனின் வேகம் இரு மடங்கானால் சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும். திறந்தே இருக்கட்டும்.

துளை போடும் முன், எல்லாக் கேபிளையும் கதவு வழியாகத் தரையில் இழுத்து ஒரு அத்தியாயம் முழுக்கப் பதிவு செய்து பாருங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கம்ப்யூட்டரைக் கீபோர்டால் எழுப்ப முடிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். முடியாவிட்டால் பவர் பட்டனுக்கென்று இன்னொரு ஜோடி மெல்லிய வயர் அதே பைப்பில் வர வேண்டியிருக்கும்.