மாத்திரை சாப்பிட்டும் மாதவிடாய் வரவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 24. திருமணமாகவில்லை. முன்பெல்லாம் மாதவிடாய் தேதி தவறாமல் வரும். ஐந்து மாதங்களாக வரவே இல்லை. ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். எடையைக் குறைத்தால்தான் நீர்க்கட்டி சரியாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏற்கெனவே ஓராண்டில் 66 கிலோவிலிருந்து 49 கிலோவுக்கு வந்துவிட்டேன். தினமும் 8 கிலோமீட்டர் ஓடுகிறேன். மாதவிடாய் வரவழைக்க 10 நாள் மாத்திரை சாப்பிட்டும் பலனில்லை. இன்னும் குறைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். தயவுசெய்து இன்னும் ஒரு கிலோகூடக் குறைக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் ஸ்கேனைவிட அந்த 17 கிலோதான் எனக்குக் கவலை தருகிறது.

மாதவிடாய்க்கான முதல் உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, அதன் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். பிட்யூட்டரி சினைப்பையைத் தூண்டும். சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜனால் கர்ப்பப்பையின் உட்சவ்வு வளரும். சாப்பாடு குறைந்து உடற்பயிற்சி கூடினால், உயிர் பிழைக்கத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையை மூளை நிறுத்திவைத்துவிடும். கடுமையான மன அழுத்தமும் இதையே செய்யும்.

நீங்கள் சாப்பிட்டது புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையாக இருக்கும். வளர்ந்து நிற்கும் சவ்வை உதிரச் செய்வதுதான் அதன் வேலை. சவ்வு வளரவே இல்லை என்றால் உதிர என்ன இருக்கிறது? உங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்திருக்கலாம் என்று அது சொல்லாமல் சொல்கிறது.

அப்படியானால் நீர்க்கட்டி? அந்தப் பெயரே பெண்களைப் பயமுறுத்துகிறது. அவை கட்டிகளே அல்ல, முழுதாக வளராமல் நின்ற சிறு முட்டைப்பைகள். எடை மிகவும் குறைந்து மாதவிடாய் நின்றவர்களின் ஸ்கேனிலும் அவை தெரியும். நீர்க்கட்டிப் பிரச்சினை என்று பலரும் சொல்லும் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு என்றால் பெரும்பாலும் பருவ வயதிலிருந்தே மாதவிடாய் முன்பின்னாக வரும். முகத்தில் முடி வளர்ச்சி, தீராத பருக்கள் என்று ஆண் ஹார்மோன் கூடியதன் அடையாளங்களும் இருக்கும். ஸ்கேனை மட்டும் வைத்து முடிவுசெய்தால், சாப்பிட வேண்டிய பெண்ணைப் பட்டினி போட்டுவிடுவோம்.

ஆனாலும் காரணம் இதுதான் என்று கடிதத்தைப் படித்தே நான் முடிவுகட்ட முடியாது. ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் 3 மாதம் வராவிட்டாலே பரிசோதனை அவசியம். முதலில் கர்ப்பப் பரிசோதனை. திருமணம் ஆனவரா இல்லையா என்று பார்க்காமல் எல்லோருக்கும் செய்வது இது, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறகு ரத்தத்தில் டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கானது), புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் (சினைப்பையைத் தூண்ட பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்கள்), எஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜன் அளவு). எஃப்எஸ்ஹெச் மிக அதிகமாக இருந்தால் சில வாரம் கழித்து மறுபடியும் பார்ப்போம். சினைப்பை ஓய்ந்துபோனதன் அடையாளமாக அது இருக்கலாம். 40 வயதுக்கு முன்பே அப்படி ஆவது அபூர்வம்தான், ஆனாலும் தவறவிடக் கூடாது. புரோலாக்டின் கூடுவதற்கு வாந்திக்கான டோம்பெரிடோன், சில மனநல மருந்துகள்கூடக் காரணமாகலாம். மார்பில் பால் கசிவு, விடாத தலைவலி, பக்கவாட்டுப் பார்வை மங்குதல் இருந்தால் தாமதிக்கவே வேண்டாம்.

மற்ற காரணங்கள் இல்லை என்று தெரிந்தால், சிகிச்சை சாப்பாடுதான். மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுங்கள், ஓட்டத்தைக் குறையுங்கள், எடை ஓரளவு திரும்பட்டும். பலருக்கு இதிலேயே சுழற்சி மீண்டுவிடுகிறது. சில மாதங்கள் பிடிக்கும். கருத்தடை மாத்திரை போட்டால் மாதாமாதம் ரத்தப்போக்கு வரும், ஆனால் மூல காரணம் அப்படியே இருக்கும். ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் எலும்பு தேய்வதையும் அதை நம்பி விட்டுவிட முடியாது. ஆறு மாதத்தைத் தாண்டினால் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

இந்த வாரமே மகப்பேறு மருத்துவரையோ ஹார்மோன் மருத்துவரையோ பாருங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டோடு, எந்த மாதம் எத்தனை கிலோ இருந்தீர்கள் என்பதையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். நீங்களாகச் சொல்லாவிட்டால், 49 கிலோவில் எதிரே உட்கார்ந்திருக்கும் உங்களைப் பார்த்து அந்த 66-ஐ யாரும் ஊகிக்க மாட்டார்கள்.